முவெண்டேயின் முதுகு

பிள்ளையை முதுகிலிருந்து இறக்கிவிட்டால்தான் என்ன, குறைந்தா போய்விடுவாள் என்று கோமதிக்கு வந்தது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே பால்கனிக் கதவோரம் வேலைக்காரி முவெண்டே நின்று துணி தேய்த்துக்கொண்டிருந்தாள், முதுகில் நித்திலன். லேசோ என்று இந்த ஊர்ப் பெண்கள் சொல்கிற பூப்போட்ட துணியால் பிள்ளையைத் தன்னோடு சேர்த்துச் சுற்றி நெஞ்சுக்கு மேலே முடிச்சுப் போட்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டி போய் வரும்போது அவள் இடுப்பு ஆடியது, இடுப்போடு பிள்ளையின் தலையும் ஆடியது, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறான் கள்ளப்பயல். கன்னம் அவள் முதுகில் அப்பி ஒரு பக்கமாக நசுங்கிக் கிடக்கிறது. எச்சில் வேறு வடிகிறது, அவள் சட்டையில் ஒரு ஈரவட்டம். அந்த வட்டத்தைப் பார்க்கப் பார்க்கக் கோமதிக்கு வயிறு எரிந்தது. எச்சிலுக்குமா ஒருத்தி பொறாமைப்படுவாள்? படுவாள், படுகிறாள், கல்லுமாதிரி இங்கே உட்கார்ந்திருக்கிறாளே. கட்டிலில் போட்டுப் பார்க்காமலா இருந்தாள், மத்தியானம் அவளே முடிச்சை அவிழ்த்து வாங்கினாள், அந்த முதுகை விட்டுப் பிரிந்த மாத்திரத்தில் மூடின கண்ணைத் திறக்காமலே வீறிட்டான். பெற்றவள் நெஞ்சில் காலை ஊன்றி உதைத்துக்கொண்டு வெண்டே, வெண்டே என்று கத்தினான். ரெண்டரை வயசுக்காலில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, இடது பக்கம் இன்னும் வலிக்கிறது.

எல்லாம் அந்தக் குரங்கால் வந்தது. குரங்கென்று சொல்லக்கூடாது, சனிக்கிழமையும் அதுவுமாக. நைரோபியில் இவர்கள் இருக்கிற அடுக்குமாடிக்குப் பின்னால் ஓடையும் மரக்கூட்டமும் இருக்கிறது, அங்கேயிருந்து சாம்பல் உடம்பும் கருமூஞ்சியுமாகக் கூட்டம் கூட்டமாக வரும், குழாயைப் பிடித்து ஏறி வரும், யார் வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறது என்று அதுகளுக்குத் தெரியும். குரங்குகளுக்கு எதுவும் போடாதீர்கள் என்று லிப்டுக்குள் ஒட்டியிருக்கிறது. கோமதியும் படித்தாள். குரங்குக்குத்தானே போடக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. ஊரில் சனிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயர் சன்னதியை ஒரு சுற்றுச் சுற்றினவள், இங்கே கோயிலுக்குப் போக வண்டிக்காரனைக் கூப்பிட்டு, அவன் வழி தவறி, போய்ச் சேரும்போது நடை சாத்தியிருக்கும். அவரே மரமேறி ஜன்னலுக்கு வரும்போது ஒரு வாழைப்பழம் வைத்தால் என்ன தப்பு? சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டு அடுக்களை ஜன்னல் கட்டையில் ஒரு பழத்தை வைப்பாள், கண்ணை மூடி ரெண்டு வார்த்தை சொல்வாள், கண்ணைத் திறக்கும்போது பழம் இருக்காது. அந்த ஒரு நிமிஷம் மட்டும் இந்த ஊர் தனக்குத் தெரிந்த ஊர்மாதிரி இருக்கும். வைக்காதீங்க மேடம், இன்னிக்கு ஜன்னல்ல வாங்கும், நாளைக்கு மேஜைக்கு வரும் என்று முவெண்டே சொன்னாள்தான். இவள் என்ன எனக்குச் சாமியைப் பற்றிச் சொல்வது என்று கோமதி மறுவாரம் ரெண்டு பழம் வைத்தாள்.

இன்றைக்கும் ரெண்டு பழத்தை வைத்துவிட்டுச் சூடம் எடுக்கக் கூடத்துக்குப் போனாள், அவ்வளவுதான். ஜன்னலைச் சாத்தவில்லை. நித்திலன் தரையில் உட்கார்ந்து தட்டில் பருப்புச்சோறு அளைந்துகொண்டிருந்தான். திரும்பி வந்தால் தட்டுக்கு அந்தப்பக்கம் அது உட்கார்ந்திருக்கிறது, பிள்ளைக்கு விருந்தாளிமாதிரி, சோற்றை அள்ளி அள்ளித் தின்கிறது. பிள்ளை முதலில் சிரித்தான். தன் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். அது பல்லைக் காட்டியது. ஏ எங்கம்மா, அந்தப் பல்! பிள்ளை எழுந்து ஓடி வந்தான். கோமதி நின்றுகொண்டிருந்தாள், கையை விரித்துக்கொண்டு நின்றாள், வாடா என் தங்கம் என்று. அவன் அவளைத் தாண்டி, அவள் சேலையை உரசிக்கொண்டு, பின்வாசலில் துணிவாளியோடு வந்த முவெண்டேயின் காலைப் போய்க் கட்டிக்கொண்டான். தாண்டிப் போனான். தூணைத் தாண்டிப் போகிறமாதிரி. முவெண்டே ஒரு கையால் அவனை அள்ளி முதுகுக்குத் தள்ளினாள், இன்னொரு கையால் வாளியைத் தரையில் அடித்தாள், அது பதறிப் போய் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிற்று, போகிறபோக்கில் ரெண்டாவது பழத்தையும் எடுத்துக்கொண்டு. அப்போது முதுகில் ஏறினவன்தான்.

தாண்டிப் போனானே! வெங்காயம் கண்ணைக் கரிக்கிறது. பத்து மாசம் சுமந்து, வயிற்றைக் கிழித்து எடுத்து, ஊர் தெரியாத ஊரில் ஒத்தாசைக்கு ஒரு நாதியில்லாமல் ராவெல்லாம் தோளில் போட்டு நடந்து, அப்புறம் எட்டு மாசத்தில் வேலைக்குப் போனாள், மருந்து மொத்த வியாபாரக் கடையில் கணக்கு. போகாமல் இருந்திருக்கலாம். புருஷன் சிவசைலம் போகச் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை, அந்த மனுஷன் எதில்தான் வாயைத் திறந்து சொன்னார்? வீட்டிலேயே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று இவள்தான் போனாள். முவெண்டேயைத் தேர்ந்தெடுத்ததும் இவள்தான். வந்த மூன்று பேரில் அவளுக்குத்தான் குரல் மெதுவாக இருந்தது, பிள்ளை பயப்படமாட்டான் என்று தோன்றியது. தன் காசைக் கொடுத்துத் தன் சக்களத்தியைத் தானே கூட்டிவந்து வைத்தவள் திருநெல்வேலிச் சீமையிலேயே கோமதி ஒருத்திதான் இருப்பாள். தண்ணி என்றால் பிள்ளைக்குப் புரிகிறது, ஆனால் அவன் கேட்கும்போது இந்த ஊர்ப் பாஷையில் மாஜி என்கிறான். அம்மா என்கிறான், அதில் குறை சொல்ல முடியாது. பொம்மை வேண்டுமென்றால் அம்மா, போனில் படம் போடவேண்டுமென்றால் அம்மா. விழுந்தால் வெண்டே. தூக்கம் வந்தால் வெண்டே. கடைக்காரனைக் கூப்பிடுகிறமாதிரித் தன்னைக் கூப்பிடுகிறான் என்று ஒருநாள் தோன்றியதும் ஆபீஸில் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

ஒரே ஒருநாள் மட்டும் கோமதி பக்கம் ஜெயித்தது. கீழே வேலிச்செடியில் ஒரு பச்சோந்தி இருந்தது, கண்ணை ஒன்று இப்படியும் ஒன்று அப்படியுமாக உருட்டிக்கொண்டு. முவெண்டே பார்த்தாள், ஒரு சத்தம் போட்டாள் பாரு, பிள்ளையை விட்டுவிட்டுக் கேட் வரைக்கும் ஓடிவிட்டாள். பாம்பைக்கூடப் பார்த்துவிடுவாளாம், பச்சோந்தியைப் பார்க்கமாட்டாளாம், அவர்கள் ஊரில் எல்லாருக்கும் அதைக் கண்டால் ஆகாதாம். கோமதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிட்டே போய்க் காட்டினாள். ஓணான்டா கண்ணு, ஓணானோட பெரியப்பா மகன் என்றாள். அவன் கெக்கெக்கென்று சிரித்தான், இவள் கழுத்தை ரெண்டு கையாலும் கட்டிக்கொண்டு, பயமும் சந்தோஷமுமாக, கன்னத்தோடு கன்னம் வைத்து. அன்றைக்கு ராத்திரி இவளிடம் படுத்துத் தூங்கினான். மறுநாளிலிருந்து கோமதி ஆபீஸ் விட்டு வரும்போது அந்த வேலிச்செடியை ஒரு கிளை விடாமல் விலக்கி விலக்கித் தேடினாள். வாட்ச்மேன் எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டான். ஒரு மனுஷிக்கு எதிராகப் பச்சோந்தியைத் துணைக்குத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? கம்மல் என்று சொன்னாள், அவனும் சேர்ந்து தேடினான் பாவம். அப்புறம் அது கண்ணிலேயே படவில்லை. பச்சோந்திக்கு நடுங்குகிறவள் குரங்குக்கு நடுங்கவில்லை, அங்கேதான் போயிற்று எல்லாம். கோமதிக்குப் பச்சோந்தி பயமில்லை, குரங்கும் பயமில்லை, பயத்தினாலா நின்றாள்? பயமில்லை. கையை விரித்துக்கொண்டுதானே நின்றாள்.

நின்றாளா? இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டது. முவெண்டே சின்னச் சட்டை ஒன்றை எடுத்துக் காலரை நீவினாள், யானைப்படம் போட்ட சட்டை, கோமதி வாங்கினது. கையை விரித்திருந்தால் சூடத்தட்டு என்ன ஆயிற்று? தட்டு மேஜையில் இருந்தது, அப்புறம் பார்த்தபோது மேஜையில்தான் இருந்தது, அப்படியானால் வந்ததும் வைத்திருக்கிறாள். வைத்துவிட்டுக் கையை விரித்தாள். வாடா தங்கம் என்றாள். சொன்னாளா? வாயில் வந்த வார்த்தை அது இல்லையே. வாயில் வந்தது அப்பா ஆஞ்சநேயா. அது தெளிவாக ஞாபகம் இருக்கிறது, தன் குரல் கிறீச்சென்று போனதுகூட. அப்பா ஆஞ்சநேயா, போயிருப்பா, பச்சப்புள்ளப்பா, போயிருப்பா. அதைச் சொல்லும்போது யாராவது கையை விரிப்பார்களா? வேண்டாம், யோசிக்கவேண்டாம், வெங்காயத்தைப் பார், இது அழுகல், தூக்கிப் போடு. கும்பிட்டாள். கையைக் குவித்து நெஞ்சோடு ஒட்டவைத்துக்கொண்டு கண்ணையும் மூடியிருந்தாள், சேலை உரசினது தெரிந்துதான் கண்ணைத் திறந்தாள். பிள்ளை இவளிடம்தான் ஓடிவந்திருக்கிறான். ஓடிவந்து பார்த்திருக்கிறான், அம்மா பூட்டிக்கொண்டு நிற்கிறாள். ரெண்டு கையும் வேறொருத்தருக்கு. அவன் எங்கேதான் போவான், என் ராசா, எங்கே போவான். கோமதி மூக்கை உறிஞ்சினாள். முவெண்டே திரும்பிப் பார்த்தாள்.

"வெங்காயமா மேடம்?"

"ஆமா, வெங்காயம்."

அவர்கள் ரெண்டு பேரும் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வார்கள், ரெண்டு பேருக்கும் அது கடன் வாங்கின பாஷை, அதனால் அதில் சண்டைகூடச் சரியாக வராது. அவிச்சுத் தரட்டுமா, தோல் சுலபமா வரும் என்றாள் முவெண்டே. வேண்டாம் என்றாள் கோமதி. எல்லாம் இவளுக்குச் சுலபமாக வரும். சிவசைலத்திடம் அந்த வார்த்தையைச் சொன்னபோதும் கோமதிக்குச் சுலபமாகத்தான் வந்தது. கிசுமுவுக்கு வேலையாகப் போயிருக்கிற மனுஷன் பதறிப்போய் போனில் கேட்டார், கடிச்சுதா, கீறிச்சா, சரி, ஜன்னலை யாருட்டி தொறந்து போட்டது? கோமதி வாயைத் திறந்தாள். அப்போதுதான் பிள்ளை வீறிட்டு உதைத்திருந்தான், நெஞ்சு வலித்துக்கொண்டிருந்தது. அவதான் என்றாள். துணி காயப்போடத் தொறந்திருப்பா. வார்த்தை முடிவதற்குள் அவர் சொல்லிவிட்டார், அப்ப திங்கக்கிழமையிலேருந்து வரவேண்டாம்னு சொல்லிரு, பிள்ளை விஷயத்துல விளையாடக்கூடாது, கூடக்கொஞ்சம் குடுத்து மரியாதையா அனுப்பு, ஆபீஸ்ல ஒருத்தர் வீட்டுப் பொண்ணு இருக்கு, நான் பேசுறேன். எதிலும் வாயைத் திறக்காத மனுஷன் இதில் மட்டும் மளமளவென்று பேசினார். கோமதிக்கு உள்ளே ஒன்று குதித்தது, பொய் சொல்லக்கூடாது, குதிக்கத்தான் செய்தது. ஒரு வாரம் அழுவான். ரெண்டு வாரம் அழுவான். பிள்ளைகள் மறந்துவிடும். புதுப்பெண்ணைப் பக்கத்தில் சேர்க்காமல் எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன், கீழே விழட்டும், தூக்கம் வரட்டும், யாரைக் கூப்பிடுவான் பார்க்கலாம்.

முவெண்டே சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்ததைக் கோமதி பார்த்தாள். மாசத்தில் இந்த ஒரு சனிக்கிழமைதான் முவெண்டே ஊருக்குப் போவது, கிடுயி பக்கம், மத்தியானமே வேன் ஏறினால் பொழுது சாயுமுன் போய்ச் சேரலாம். மத்தியானம் போயாயிற்று. வாய் திறந்து கேட்கமாட்டாள். பிள்ளை தூங்குகிறான், எப்படி இறக்குவது என்று மலைமாதிரி நிற்கிறாள். கேட்கட்டுமே, ஏன் கேட்கவில்லை, கேட்காமல் இருந்தே நல்லவளாகிவிடுகிறாள். அங்கே அவளுக்கு ஒரு பெண்குழந்தை இருக்கிறது, மும்புவா, அக்காக்காரி வளர்க்கிறாள், நித்திலனைவிட ஒரு வயசு மூத்தது. ஊரிலேருந்து வந்ததும் ஒருதரம் கோமதி சும்மா கேட்டுவைத்தாள், பிள்ளை உன்னைப் பார்த்ததும் ஓடிவந்திருக்குமே என்று. முவெண்டே பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சிரித்தாள். "சனிக்கிழமை கிட்டயே வரமாட்டா மேடம். கதவுக்குப் பின்னால நின்னு பாப்பா. ஞாயித்துக்கிழமையும் அக்கா பாவாடையைத்தான் பிடிச்சுக்குவா. சாயங்காலமா மெதுவா வந்து மடியில உக்காருவா. திங்கக்கிழமை விடியுமுன்னால நான் கிளம்பணும்." சொல்லிவிட்டுத் தட்டைக் கவிழ்த்தாள். அன்றைக்குக் கோமதிக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை, என்ன தோன்றியது, ஒரு திருப்திதான் தோன்றியது, இவளுக்கும் வேணும் என்று. இப்போது கடிகாரத்தைப் பார்த்ததும் கணக்குப் போடுகிற புத்தி தன்னால் கணக்குப் போட்டது. இன்றைக்கு இருட்டித்தான் போய்ச் சேருவாள், அந்தப் பிள்ளை தூங்கியிருக்கும். அப்படியென்றால் கதவுக்குப் பின்னால் நிற்பது நாளைக்கு. மடி கிடையாது. இந்த மாசம் மடி கிடையாது. என் பிள்ளையின் எச்சில் இவள் முதுகில், இவள் பிள்ளையின் எச்சில் அந்த அக்கா தோளில். இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு நான் என்ன செய்ய, நானா போகாதே என்று மறித்தேன், நானா குரங்கை அனுப்பினேன். அனுப்பினாய். பழம் வைத்து அனுப்பினாய், மூதி.

மேஜையில் போன் அதிர்ந்தது. சிவசைலம் எழுதியிருந்தார், சொல்லிட்டியா, அந்தப் பொண்ணு திங்கக்கிழமை வரேன்னுட்டு. கோமதி வெங்காயக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சொல்லிவிட வேண்டியதுதான். நின்று நேருக்குநேர் சொல்லிவிடலாம், கூடக்கொஞ்சம் கொடுத்து. முவெண்டே, என்றாள். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தாள், நெற்றியெல்லாம் வேர்வை, காலையிலிருந்து ஒரு ஆளைச் சுமந்துகொண்டு நிற்கிற வேர்வை. உதடு காய்ந்திருந்தது. மத்தியானம் சாப்பிட்டாளா இவள்? யாரும் கேட்கவில்லை.

"அவனை என் முதுகுல கட்டு."

"மேடம்?"

"கட்டுன்னா கட்டேன். உன் துணியிலயே கட்டு."

எப்படிக் குனிவது என்றுகூடக் கோமதிக்குத் தெரியவில்லை. இன்னும் கீழே, இன்னும், முழங்காலை மடக்குங்க என்றாள் முவெண்டே. ரெண்டு முதுகும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்தன, யாராவது பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு சூடு அந்த முதுகிலிருந்து இந்த முதுகுக்கு இடைவெளி விடாமல் நகர்ந்து வந்து உட்கார்ந்தது. துணி சுற்றி வந்தது. முவெண்டேயின் சோப்பு வாசம், அவள் உடம்புக்குப் பூசுகிற களிம்பு வாசம், வேர்வை எல்லாம் கோமதியின் மூக்குக்குக் கீழே முடிச்சாக இறுகியது. பிள்ளை முனகினான், துணியை மோந்தான், அடங்கினான். துணியை மோந்துதான் அடங்கினான் என்று கோமதிக்குத் தெரியாதா? இதிலும் அவளுடைய துணிதான் வேண்டியிருக்கிறது. கனம் தோளை இழுத்தது. இவ்வளவு கனமா இவன், எப்போது இவ்வளவு கனத்தான், யாரைக் கேட்டுக்கொண்டு கனத்தான்.

முவெண்டே உடை மாற்றிக்கொண்டு பையோடு வந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது நித்திலனின் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டுவிட்டு, திங்கக்கிழமை அவனுக்கு ஊர்ப் பயறு கொண்டுவரேன் மேடம், வேகவைச்சா வெண்ணெய்மாதிரி இருக்கும் என்றாள். இப்போது. இப்போது சொன்னால்தான் உண்டு. ஒரு வாரம் அழுவான், ரெண்டு வாரம் அழுவான், மறந்துவிடுவான். கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கிற பிள்ளை ஒன்று அவளுக்கு ஏற்கனவே இருக்கிறது.

"திங்கக்கிழமை வரவேண்டாம்," என்றாள்.

முவெண்டேயின் முகம் அப்படியே நின்றது. பையின் வாரை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள், ஒன்றும் கேட்கவில்லை. இவள் கேட்கமாட்டாள், இந்தக் கேட்காத குணத்துக்காகவே இவளைப் பிடிக்கவில்லை கோமதிக்கு, இப்போதும் பிடிக்கவில்லை.

"செவ்வாக்கிழமை வா. சம்பளத்துல பிடிக்கமாட்டேன். போ, வேன் போயிரப்போவுது."

அவள் படியில் இறங்கி ஓடுகிற சத்தம் கடைசிப் படி வரைக்கும் கேட்டது. கோமதி கதவைச் சாத்தினாள். திங்கட்கிழமைக்கு லீவு போடவேண்டும். ஒரு முழு நாள், அவள் இல்லாமல், பிள்ளையும் தானும். அவளுக்காகச் சொன்னாளா, இதற்காகச் சொன்னாளா என்று தன்னைத்தானே நோண்டிக் கேட்க இப்போது தெம்பில்லை. ஒரு கையால் போனை எடுத்து, ஜன்னலைத் தொறந்து வச்சது நான்தான், அவளே வரட்டும், அந்தப் பொண்ணுகிட்ட வேண்டாம்னு சொல்லிருங்க என்று எழுதி அனுப்பினாள். பதில் வரும், திட்டு வரும், வரட்டும். வெங்காயம் பாதி கிடந்தது, துணி பாதி கிடந்தது. அசைந்தால் விழித்துவிடுவானோ என்று கூடத்தின் நடுவில் நின்றாள், நின்றால் விழித்துவிடுவானோ என்று நடந்தாள். முதுகுப் பக்கம் என்ன நடக்கிறதென்று தெரியாமல் இருப்பது இவ்வளவு கஷ்டமா. முகத்தைப் பார்க்கமுடியாது, மூச்சை மட்டும் கேட்கலாம். மூச்சு மாறியது. கால் ஒருதரம் உதறிற்று.

"வெண்டே?"

அழுகை இல்லை. கண்ணை மூடிக்கொண்டே, இருக்கிறாயா என்று கேட்கிற குரல். கோமதி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அம்மாடா, அம்மாதான்டா, வெண்டே போயிட்டா, அம்மா முதுகுலதான்டா இவ்வளவு நேரம் தூங்குனே! எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றன. முதுகின் நடுவில் ஒட்டியிருந்த கன்னம் மெல்லப் பிரிந்தது, அந்த இடத்தில் ஈரமும் காற்றும் சில்லென்று பட்டன. தலையைத் தூக்குகிறான். பார்க்கப்போகிறான்.

"வெண்டே?"

கோமதி இடுப்பை ஒரு பக்கமாக ஆட்டினாள். அடித்தொண்டையிலிருந்து, தாழ்ந்த குரலில், இன்னொருத்தியின் குரலில், "ம்ம்" என்றாள்.

கன்னம் திரும்பி வந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. பிள்ளை நம்பிவிட்டான்.